கடம், கிறுக்கு, தத்தி

அந்தக் கால்வனாமீட்டரை எரித்தவன் நீ. பத்து வருடமாக அந்தப் பழி இன்னொருவன் தலையில் கிடக்கிறது. இப்போது அதை நகைச்சுவையாக அச்சடித்தும் விட்டாய்.

நான் வேலை பார்க்கும் அரிசி மில்லுக்கு ஒருவர் கல்லூரி வெள்ளி விழா மலரைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பிரித்தேன். உன் கட்டுரை மூன்று பக்கம். செக்கானூரணி தாண்டுவதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தேன். இதைக் கேட்டால் ‘தத்தி அப்படியேதான் இருக்கான்’ என்பாய். சொல்லிக்கொள். எனக்கு இப்போது அதைப் பற்றிக் கவலை இல்லை.

இது ஊரறிய எழுதும் கடிதம். விவரம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில் நாம் ஒரே வகுப்பு. பி.எஸ்ஸி. இயற்பியல். இன்று அதே கல்லூரியில் நீ விரிவுரையாளர். அங்கே லேப் மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். நம்மோடு படித்த ஒருவன் அதற்கு மனு போட்டு, இன்டர்வியூவுக்கும் போய் வந்திருக்கிறான். தேர்வுக் குழுவில் நீ இருக்கிறாய். நீ மலரில் கிண்டலடித்திருப்பது அவனைத்தான். வேலை அவனுக்கா இல்லையா என்று அடுத்த மாதம் முடிவு செய்வார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. மில்லில் மூட்டைக்கு நம்பர் எழுதுவதோடு சரி.

உன் வீடு தல்லாகுளத்தில். அப்பாவுக்கு அரசாங்க ஆபீசில் பெரிய உத்தியோகம். வகுப்பில் ஸ்கூட்டரில் வந்தது நீ ஒருவன்தான். மற்றவர்கள் பஸ், சைக்கிள், இல்லையென்றால் நடை. யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பதை நீதான் முடிவு செய்வாய். நீ வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரத்தில் வாத்தியார்களும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

மலரில் நீ எழுதியிருப்பதன் சுருக்கம் இது. வகுப்பில் மூன்று பிறவிகள் உண்டு. கடம் என்பவன் புத்தகத்தை உருப்போடுகிறவன். பக்கத்துப் பெஞ்சு தீப்பிடித்தாலும் தலை நிமிர மாட்டான். கிறுக்கு என்பவனுக்கு ஒரே ஒரு விஷயத்தில் பைத்தியம்; கையில் கிடைப்பதையெல்லாம் கழற்றிப் பார்ப்பான். தத்தி என்பவன் எல்லாவற்றையும் பார்ப்பான், ஒன்றும் புரியாது, வாயைத் திறந்தால் வகுப்பு சிரிக்கும். இந்த மூன்று பேரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடக் கூடாது என்று வாசகர்களுக்கு அறிவுரை வேறு.

வித்தியாசம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. மூன்று பேரோடும் மூன்று வருடம் ஒரே மேசையில் நின்றவன் நான். அதில் ஒருவன் நானே. உன்னைவிட எனக்குத் தெரியும்.

நீ கடம் என்று சொன்னவன் முதல் மார்க்குக்காரன். வில்லாபுரத்திலிருந்து சைக்கிளில் வருவான். எந்தக் கேள்வி கேட்டாலும் பதிலோடு பக்க எண்ணையும் சேர்த்துச் சொல்வான். ஒருநாள் வகுப்பில் பேன் நின்றுவிட்டது. ‘டேய், பியூஸ் போயிருக்கான்னு பாருடா’ என்று யாரோ சொன்னார்கள். அவன் பியூஸ் என்றால் என்ன, எந்த உலோகம், எந்த வெப்பத்தில் உருகும் என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்து படிக்கத் தொடங்கினான். அவனுக்குத் தெரியாதது கிடையாது. தொட்டது கிடையாது.

நீ கிறுக்கு என்று சொன்னவனை நான் ரேடியோக்காரன் என்று எழுதுகிறேன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவன். மூன்று அக்காமார், அவன் ஒருவன்தான் பையன். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, திருப்புளி இருக்கும். ஏரியல் கம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்கிறவன் எழுந்து போனது தெரியாமல் பேசிக்கொண்டிருப்பான். எங்கள் ஊருக்கு என் அக்கா கல்யாணத்துக்கு வந்தான். பந்தலுக்குள் வரவே இல்லை. மைக் செட்டில் இரைச்சல் வருகிறது என்று ஆம்பிளிபயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். கடைசிப் பந்தி முடிந்து அண்டா கழுவுகிற நேரத்தில் எழுந்து வந்து, “மாப்ள, இப்ப கேளு, எம்புட்டுச் சுத்தமா இருக்கு” என்றான். தாலி கட்டியதை அவன் பார்க்கவில்லை. மைக் செட்டுக்காரர் மட்டும் அவனை இன்றுவரை விசாரிக்கிறார்.

பரீட்சையிலும் அப்படித்தான். ஐந்து மார்க் கேள்வி பிடித்துப்போனால் ஆறு பக்கம் எழுதுவான். பிடிக்காத கேள்வியைத் தொட மாட்டான். முதல் மார்க்குக்காரனுக்குப் பாடம் முக்கியம். இவனுக்குப் பொருள் முக்கியம். இதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம்.

தத்தி நான். எனக்கு அந்தப் பெயர் வந்த கதையை நீ மலரில் ஒரு பத்தி எழுதியிருக்கிறாய், அதனால் மறைக்க ஒன்றுமில்லை. கல்லூரி ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினருக்கு மாலை போட என்னை நிறுத்தினார்கள். கார் வந்தது. முதலில் இறங்கியவர் வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, மீசை, நல்ல உயரம். போட்டுவிட்டேன். அவர் டிரைவர். பாவம், அவரும் குனிந்து வாங்கிக்கொண்டார். பின்னாலிருந்து இறங்கிய விருந்தினருக்கு மாலை இல்லை. பிரின்சிபால் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனக்குப் படிப்பும் சுமார், பொருளும் தெரியாது. எந்த இடத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. கூட்டத்தில் என்னை ஏதாவது கேட்டால் சொல்ல வேண்டியதன் கடைசி முதலில் வரும், முதல் கடைசியில் வரும். முதல் மார்க்குக்காரனும் ரேடியோக்காரனும் தங்களை மறந்து வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தவர்கள். நான் என்னையே நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவன். தத்திக்கு இதைவிட நல்ல விளக்கம் உனக்குக் கிடைக்காது. வேண்டுமானால் அடுத்த மலரில் போட்டுக்கொள்.

லேபில் எங்கள் மூன்று பேரையும் வைத்து ஒன்று நடந்தது. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலரில் அதை நீ எழுதவில்லை. ஊசல் கட்டி ஆட்டி ஈர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கும் சோதனை. வகுப்பே விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவுகளை எழுதும். எல்லோருக்கும் 9.8 வரும். முதல் மார்க்குக்காரன் ஊசலை ஆட்டவே மாட்டான், நோட்டில் அத்தனையும் அழகாக இருக்கும். எனக்கு முப்பத்தேழு வந்தது. ஊசல் போவதை ஒன்று, வருவதை ஒன்று என்று எண்ணிவிட்டேன். “மாப்ள, உங்க ஊர்ல தேங்கா விழுந்தா தரைக்குள்ள போயிருமாடா” என்று நீ கேட்டாய். நானும் சிரித்தேன். ரேடியோக்காரனுக்கு 9.3 வந்தது. அவன் மாற்ற மாட்டேன் என்றான். நான்கு தடவை செய்தான், நான்கு தடவையும் அதேதான். கடைசியில் நிறுத்துக் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, இது நிமிடத்துக்கு ஒன்றரை நொடி முந்தி ஓடுகிறது என்றான். துறைத் தலைவரே தன் கைக்கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தார். உண்மை. எத்தனையோ வருடமாக அத்தனை மாணவர்களும் அந்தக் கடிகாரத்தை வைத்து 9.8 எழுதிக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லாமல், பிசகாமல் அளவு எழுதியவன் அந்த லேபில் அவன் ஒருவன்தான். இதைத் துறைத் தலைவர் தன் கண்ணால் பார்த்தார். பிறகு மறந்தார்.

இனி மீட்டருக்கு வருகிறேன்.

கடைசி வருடம். காலை லேப். மேசையில் நாம் நான்கு பேர். இருந்ததிலேயே புதிய கால்வனாமீட்டர் நம் மேசைக்கு வந்தது. துறைத் தலைவர் பீரோவைத் திறந்து தன் கையால் எடுத்துக் கொடுத்தார். மின்னோட்டம் கொஞ்சம் போனாலே ஊசி காட்டும் கருவி. அதற்கு நேராக பேட்டரியைக் கொடுக்கக் கூடாது, நடுவில் பெரிய மின்தடை ஒன்றைப் போட வேண்டும். இது முதல் வருடப் பையனுக்கே தெரியும்.

ரேடியோக்காரன் நல்ல கம்பி வாங்கிவர ஸ்டோர் ரூமுக்குப் போயிருந்தான். அப்போதுதான் நீ அக்யூமுலேட்டர் பேட்டரியின் இரண்டு கம்பிகளையும் கையில் எடுத்தாய்.

“இங்க பாருங்கடா, ஊசி எம்புட்டு வெரசா ஓடுதுன்னு.”

முதல் மார்க்குக்காரன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “ஹை ரெசிஸ்டன்ஸ் இல்லாமக் குடுக்கக் கூடாது. பக்கம் நூத்தி நாப்பத்தி மூணு, அடியில இருந்து ரெண்டாவது வரி” என்றான்.

“சும்மா இரு கடம்” என்று சொல்லிவிட்டு நீ வைத்தாய். ஊசி ஒரே ஓட்டமாகப் போய் முட்டியது. நீ எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே பிடித்திருந்தாய். லேசாக ஒரு தீய்ந்த வாடை வந்தது. பிறகு எடுத்தாய். ஊசி திரும்பி வந்து படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது அசையவில்லை.

அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போயிருந்தது. மீட்டரைத் துடைத்து ஓரமாக வைத்தாய். “யாரும் வாயத் தொறக்காதீங்க. சாயங்காலம் கோரிப்பாளையத்துல புரோட்டா வாங்கித் தாரேன்” என்றாய்.

ரேடியோக்காரன் கம்பியோடு வந்தான். மீட்டர் வேலை செய்யவில்லை என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டான். யாரிடமும் கேட்கவில்லை. யார் கெடுத்தது என்பது அவனுக்கு ஒரு கேள்வியே இல்லை. எப்படிக் கெட்டது என்பதுதான் கேள்வி. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது திரும்பி வந்து, திருப்புளியை எடுத்து, மூடியைத் திறந்துவிட்டான். அட்டெண்டர் உள்ளே வந்தபோது அவன் முன்னால் வெள்ளைக் காகிதம் விரித்து, அதன்மேல் திருகாணிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தானாம். அட்டெண்டரைப் பார்த்துப் பயப்படவும் இல்லை. “அண்ணே, கொஞ்சம் அந்த ஜன்னலத் தெறந்து விடுங்க, வெளிச்சம் பத்தல” என்றானாம். அட்டெண்டர் போய்த் துறைத் தலைவரிடம் சொல்ல, மறுநாள் காலை விசாரணை என்று நம் நான்கு பேருக்கும் தகவல் வந்தது.

சாயங்காலம் நீ புரோட்டா வாங்கிக் கொடுத்தாய். நான் தின்றேன். நான்கு தின்றேன். சால்னா இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். நாளைக்கு விசாரணையில் எப்படியும் உண்மையைச் சொல்லத்தான் போகிறோம், இதில் தின்றால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். இதை யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலை துறைத் தலைவர் அறையில் நான்கு பேரும் வரிசையாக நின்றோம். மேசைமேல் மூடி திறந்த மீட்டர். கதவோரம் அட்டெண்டர்.

முதலில் முதல் மார்க்குக்காரனைக் கேட்டார். “உங்க மேசையில என்னப்பா நடந்துச்சு?”

“நான் புக்கப் பாத்துக்கிட்டு இருந்தேன் சார்.”

துறைத் தலைவர் தலையாட்டினார். நீ மெதுவாக, “அவன் எப்ப சார் நிமிந்து பாத்திருக்கான்” என்றாய். அவன் தப்பித்தான். அவனுக்கு அந்த வருடம் முதல் ரேங்க் வர வேண்டியிருந்தது. உண்மை தெரிந்தவன், பக்க எண்ணோடு தெரிந்தவன், நீ வைத்த பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

அடுத்து என்னைக் கேட்டார்.

நான் ராத்திரி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான். “சார், ஊசி... முன்னாடியே சார்... அவன் இல்ல சார், கம்பி வாங்கப் போயிருந்தான்... வாடை வந்துச்சு சார்...” என்று வந்தது.

“யாரு வாடை?” என்றார் துறைத் தலைவர்.

நீ சொன்னாய்: “சார், இவன் கார் டிரைவருக்கு மாலை போட்டவன் சார்.”

அவர் சிரித்துவிட்டார். அட்டெண்டர் சிரித்தார். அந்த நேரத்தில் என் வாயும் சிரித்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. “சரி சரி, நீ போய் உக்காருப்பா” என்றார். நான் வெளியே போனேன். கதவுக்கு வெளியே நின்று மிச்சத்தைக் கேட்டேன்.

“நீதான் தெறந்தியா?”

“ஆமா சார்.”

“நீதான் கெடுத்தியா?”

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் இல்லை என்று சொல்வான். ஒரே வார்த்தை. ரேடியோக்காரன் அதைச் சொல்லவில்லை. கேள்வியே அவன் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். மீட்டரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான்.

“சார், உள்ள இருக்கிற கம்பிச் சுருளு, காயில், கருகியிருக்கு சார். அக்யூமுலேட்டர நேராக் குடுத்திருக்கு. ரெண்டு வோல்ட். தொட்டு எடுத்திருந்தா ஊசி மட்டுந்தான் வளைஞ்சிருக்கும். அஞ்சாறு செகண்டாவது பிடிச்சிருக்கணும், அப்பத்தான் இப்படிக் கருகும். எடது பக்கத் திருகுலதான் பாசிட்டிவ் குடுத்திருக்கு, ஊசி வலது பக்கம் போய் முட்டுன தடம் இருக்கு பாருங்க சார். காயில மறுபடி சுத்திறலாம் சார், நான் சுத்தித் தாரேன், எனக்கு ரெண்டு நாள்...”



“இம்புட்டுச் சரியாத் தெரிஞ்சு வச்சிருக்கியே” என்றார் துறைத் தலைவர்.

“அவன் கிறுக்கு சார்” என்றாய் நீ. “எதையாவது கழட்டாம இருக்க முடியாது. வேணும்னு செஞ்சிருக்க மாட்டான் சார்.”

அவனுக்காகப் பேசுகிறவன் மாதிரி சொன்னாய். அதோடு முடிந்தது. யாரும் சாட்சி கேட்கவில்லை. உன் மூன்று பட்டப்பெயர்கள்தான் சாட்சி சொன்னன. ஒருவன் பார்த்திருக்க மாட்டான், ஒருவன் சொன்னால் நம்ப முடியாது, ஒருவன் செய்திருப்பான். உன்னுடைய வித்தியாசங்கள் எதற்குப் பயன்பட்டன என்று இப்போது தெரிகிறதா? உனக்குப் பட்டப்பெயர் கிடையாது. அதனால் உன்னைக் கேட்கவே இல்லை.

தண்டனையாகத் துறைத் தலைவர் அவனுடைய ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். அந்தக் கையெழுத்து இல்லாமல் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. தேர்வன்று அவன் வந்தான். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் நின்றான். உள்ளே போனவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, நானும்தான். அந்த வருடம் அவனுக்குப் பட்டம் இல்லை. மறுபடி வந்து எழுதவும் இல்லை. எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். நீ படித்தாய்.

அவன் அழிந்துபோய்விடவில்லை. கோரிப்பாளையத்தில் ஒரு ரேடியோ, டி.வி. ரிப்பேர்க் கடையில் வேலை பார்க்கிறான். மலரை எடுத்துக்கொண்டு போன வாரம் அங்கே போனேன். ஒரு டி.வி.யின் முதுகைத் திறந்து வைத்திருந்தான். உன் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தேன். ‘எங்கள் வகுப்புக் கிறுக்கு, கால்வனாமீட்டருக்கு ஆபரேஷன் செய்து அதைக் கொன்றான். இரண்டே திருகாணிகளைக் கழற்றி ஒரு துறையையே அழவைத்தான்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

நிதானமாகப் படித்தான். “தப்பா எழுதியிருக்காரு மாப்ள” என்றான்.

“அதத்தான நானும் சொல்றேன்.”

“அதுல திருகாணி நாலு. ரெண்டுன்னு போட்டிருக்காரு.”

எனக்கு வந்த கோபத்தில் அந்த டி.வி.யைத் தூக்கி ரோட்டில் போட்டிருப்பேன். “ஏண்டா, ஒன்னத்தான்டா எழுதியிருக்கான். இன்டர்வியூவுல என்னடா கேட்டான்?”

அவன் டி.வி.க்குள் பார்த்துக்கொண்டே சொன்னான். பிரின்சிபால் மலரைப் படித்திருந்தாராம். நீ அவரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, “வேலை குடுத்தா இருக்கிற மீட்டரையெல்லாம் கழட்டிற மாட்டீகளே?” என்று கேட்டாயாம். குழுவே சிரித்ததாம்.

“நீ என்ன சொன்ன?”

“கழட்டாம எப்படிங்க ரிப்பேர் பாக்குறதுன்னு கேட்டேன்.” பிறகு ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டே சொன்னான்: “இன்டர்வியூவுக்கு முன்னால லேப்ப எட்டிப் பாத்தேன் மாப்ள. அந்த நாலு பீரோவுலயும் அம்புட்டும் கெட்டுக் கெடக்கு. யாரும் தொடல. எனக்கு ஒரு ஆறு மாசம் குடுத்தாப் போதும், அம்புட்டயும் ஓட விட்டுருவேன்.”

அவன் ஆசை அவ்வளவுதான். உன் மேல் அவனுக்குக் கோபம்கூட இல்லை. “வேற யாராச்சும் வருவாக, விடு. நீ ஒண்ணும் எழுத வேணாம்” என்றான். நான் விடவில்லை. அவன் சொல்ல வேண்டிய ‘இல்லை’யை அவன் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டான். அவன் அப்படித்தான். நான் அன்று சொல்லத் தெரியாமல் நின்றேன். இன்று எழுத்தில் சொல்லிவிட்டேன், வரிசையாக, முதலில் நடந்ததை முதலில். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நீ காட்டு. முதல் மார்க்குக்காரனுக்கும் கடிதம் போட்டேன். வங்கியில் அதிகாரியாக இருக்கிறான். பதில் வரவில்லை.

நீ எனக்குக் கடிதம் போடாதே. மில்லுக்கு ஆள் அனுப்பாதே. புரோட்டாக் கடைக்குக் கூப்பிடாதே. அடுத்த மாதம் முதல் ஞாயிறு பழைய மாணவர் கூட்டம். அழைப்பிதழில் நீ பேசுவதாகப் போட்டிருக்கிறது. பிரின்சிபால் இருப்பார், தேர்வுக் குழு இருக்கும், ஓய்வு பெற்ற துறைத் தலைவரும் வருகிறாராம். நான் முன் வரிசையில் உட்காருவேன். அத்தனை பேர் முன்னால் மைக்கில் பதில் சொல்: ஸ்டோர் ரூமுக்குப் போயிருந்தவன் எப்படி அந்தக் கம்பிகளைப் பிடித்திருக்க முடியும்? அவன் இல்லையென்றால், அவற்றைப் பிடித்திருந்தது யார் கை?